கோடு எங்களுக்கு என்ன தந்தது?

“கோடு எங்களுக்கு என்ன தந்தது? பிறகேன் அவைக்காக நாங்கள் றோட்டில நிக்க வேணும்?”

2023 செப்டெம்பர் கடைசியில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி த. சரவணராஜா பதவி விலகி நாட்டை விட்டுப் போன செய்தி வந்தபோது, எங்கட வயது ஆக்களிடம் இருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது. நீதிபதிகளின் சுதந்திரம், சட்டத்தரணிகளின் பாதுகாப்பு எண்டு யார் கதையெடுத்தாலும் இன்றைக்கும் இதே கேள்விதான் வருகிறது. நியாயமான கேள்வி. ஆனால் கேட்கிற பலபேர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கேள்வியையே முடிவாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் நின்று பதில் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லுவோம். குருந்தூர்மலையில் நீதிமன்றக் கட்டளைக்கு மாறாக விகாரைக் கட்டுமானம் நடந்தது தொடர்பான வழக்கு சரவணராஜாவுக்கு முன்னால் இருந்தது. 2023 ஜூலையில் அவர் மலைக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே மாதம் பாராளுமன்றத்தில், சிறப்புரிமையின் பாதுகாப்போடு, சரத் வீரசேகர எம்.பி. அந்த நீதிபதியைத் தாக்கிப் பேசினார். செப்டெம்பர் 23 திகதியிட்ட கடிதத்தில், தனக்கு உயிர் அச்சுறுத்தலும் கடும் மன அழுத்தமும் இருப்பதாக எழுதி நீதிபதி பதவி விலகினார். கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழி அகழ்வும் அந்த நேரம் அதே நீதிமன்றத்தின் மேற்பார்வையில்தான் நடந்துகொண்டிருந்தது. எலும்புகள் வெளியில் வந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டிய நீதிபதி நாட்டில் இல்லை. “இது நீதிபதிமாரின்ர சொந்தப் பிரச்சினை” எண்டு சொல்லுகிற ஆக்கள் இந்த ஒரு விஷயத்தையாவது ஒருக்கா யோசிக்க வேணும்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது

கோட்டில் நம்பிக்கை இல்லை எண்டு சொல்லுகிற ஆக்களைப் பார்த்து “உங்களுக்குச் சட்டம் தெரியாது” எண்டு நாங்கள் சொல்லப்போவதில்லை. அந்த நம்பிக்கையீனம் வெறும் கையால் வந்ததில்லை.

1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவைப் பாருங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேற்பட்ட அதிகாரிக்கோ கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம் சாட்சியாக ஏற்கப்படும். அது அடித்து வாங்கியது எண்டால், அதை நிரூபிக்க வேண்டியது அடி வாங்கியவர். இப்படி ஒரு வாக்குமூலத்தை வைத்தே நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு 50 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு அது 35 வருடமாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டன எண்டு சொன்னது. 2006 செப்டெம்பரில் எங்கட உயர் நீதிமன்றமோ, அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் எண்டு தீர்த்தது. அடுத்த மாதமே அதே உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது எண்டது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையிடம் “நீதிமன்றத்தை மதியுங்கோ” எண்டு சும்மா சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதப்படுகிறது. மற்றப் பக்கத்தையும் எழுதுவோம்.

தனிச் சிங்களச் சட்டத்தின் கீழ், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட கோடீஸ்வரன் எண்ட அரச ஊழியர் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர், அந்தச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது எண்டு தீர்ப்பளித்தார். மேலே இருந்த நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் மொழிப் பிரச்சினைக்குள் அது போகவே இல்லை, அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போட ஏலாது எண்ட காரணத்தைத்தான் பிடித்தது. 1969 இல் லண்டன் கோமறைக் கழகம் அந்தக் காரணம் பிழை எண்டு சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. முக்கியமான கேள்வி இனித்தான் விசாரிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவே இல்லை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது எண்டு சொல்லும் அதிகாரமும் எடுக்கப்பட்டது. 1978 அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையும் அதையே சொல்லுகிறது. சபாநாயகர் கையெழுத்து வைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது.

கவனிச்சுப் பாருங்கோ. ஒரு மாவட்ட நீதிபதி எழுதிய தீர்ப்பு அந்தளவு தூரம் போய்க் குத்தியிருக்கிறது. அவருடைய நீதிமன்றம் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை எண்டு சொல்லுவது சரியா, அல்லது அது தந்ததை வேறு ஆக்கள் பறித்தார்கள் எண்டு சொல்லுவது சரியா?

மிருசுவிலையும் சேர்த்துப் பார்ப்போம். 2000 டிசெம்பரில் சிறுபிள்ளை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒரே குரலில் அதை உறுதிப்படுத்தினார்கள். 2020 மார்ச் 26 அன்று, நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்த நேரம், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரைப் பொதுமன்னிப்பில் வெளியில் விட்டார். பதினெட்டு வருடத்துக்கு மேல் இழுபட்டு வந்த தீர்ப்பை ஒரு கையெழுத்து அழித்தது. இந்த இடத்தில் கோபம் யார் மேல் வரவேணும்?

நீதிமன்றம் எங்களைக் கைவிட்ட சந்தர்ப்பங்கள் நிறைய. அதில் பெரும்பாலானவை, அது அரசின் நிழலில் ஒதுங்கி நின்ற சந்தர்ப்பங்கள். நிழலை விட்டு வெளியில் வந்து நின்ற சில சந்தர்ப்பங்களில் அதற்கு அடி விழுந்தது. இதிலிருந்து “நீதித்துறைச் சுதந்திரம் எங்களுக்குத் தேவையில்லை” எண்ட முடிவுக்கு வருவது, கிணறு வத்திப்போச்சு எண்டதுக்காகத் தண்ணியே வேண்டாம் எண்டு சொல்லுவது போல.

கல்லாலும் அடிக்கலாம், சட்டத்தாலும் அடிக்கலாம்

நீதிபதியை மிரட்டுவது எண்டவுடன் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வரும். அது உண்மைதான். 2004 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய, அவருடைய வீட்டு வாசலில் வைத்துப் பாதுகாப்புக்கு நின்ற பொலிஸ்காரரோடு சேர்த்துச் சுடப்பட்டார். போதைப்பொருள் வியாபாரி ஒருவரே அதன் பின்னால் நின்றவர் எண்டு நீதிமன்றம் கண்டது.

ஆனால் ஒரு அரசாங்கம் நீதிபதியை மிரட்டும்போது அதன் முறை வேறு. 1983 ஜூனில், விவியன் குணவர்தனவின் அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் பொலிசாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாட்களில் தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் ஒரு கும்பல் போய் நின்று தூசணத்தால் கத்தியது. தீர்ப்பில் சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவர் கட்ட வேண்டிய நட்டஈட்டை அரசே கட்டியது. அதற்கு அடுத்த மாதம் ஜூலை. நீதியரசரின் வீட்டு வாசலில் கும்பல் நின்றால் பொலிஸ் வராது எண்டதை எல்லாரும் பார்த்து முடித்த பிறகு வந்த ஜூலை. இரண்டுக்கும் நேரடிக் கயிறு கட்ட நாங்கள் வரவில்லை. ஆனால் சட்டத்தைக் காக்க வேண்டியவரையே காக்காத ஒரு நாட்டில், வெள்ளவத்தைக் கடைக்காரரை யார் காக்கப்போகிறார்கள்?

இப்ப உலகம் கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது. கல் எறியத் தேவையில்லை. ஓய்வுபெறும் வயதை மாற்றினால் போதும். 2012 இல் ஹங்கேரி நீதிபதிகளின் ஓய்வு வயதை 70 இல் இருந்து 62 ஆகக் குறைத்தது. மூத்த நீதிபதிகள் ஒரேயடியாக வீட்டுக்குப் போனார்கள், அந்தக் கதிரைகளில் புது ஆக்கள் இருந்தார்கள். 2018 இல் போலந்து தன் உச்ச நீதிமன்றத்துக்கு 70 ஐ 65 ஆக்கியது. தலைமை நீதியரசர் மல்கொர்சாட்டா கெர்ஸ்டோர்ஃப் “என் பதவிக்காலம் அரசியலமைப்பில் இருக்கு” எண்டு சொல்லி அடுத்த நாளும் வேலைக்கு வந்தார். வாசலில் சனம் நின்றது. இரண்டு நாடுகளையும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பிழை எண்டது. போலந்து அரசு அந்தச் சட்டத்தில் பின்வாங்க வேண்டி வந்தது.

எல் சல்வடோரில் பின்வாங்க வைக்க ஆளில்லை. 2021 மே 1, புதிய சட்டசபை கூடிய முதல் நாள். அரசியலமைப்பு அமர்வின் ஐந்து நீதியரசர்களையும் சட்டமா அதிபரையும் அன்றைக்கே தூக்கினார்கள். தூக்கிய இடத்தில் வைக்கப்பட்ட நீதியரசர்கள் நாலு மாதத்தில், ஜனாதிபதி தொடர்ந்து இரண்டாம் முறையும் போட்டியிடலாம் எண்டு தீர்த்தார்கள். 2024 இல் புகேலே போட்டியிட்டார், வென்றார். துருக்கியில் 2016 ஜூலைச் சதிமுயற்சி நடந்த அடுத்த நாளே 2,745 நீதிபதிகளும் வழக்குத்தொடுநர்களும் இடைநிறுத்தப்பட்டார்கள். ஒரே இரவில் அத்தனை பேரையும் விசாரித்திருக்க ஏலுமோ? பட்டியல் முதலே தயாராக இருந்திருக்க வேணும் எண்டுதான் யாருக்கும் தோன்றும்.

இந்த எல்லாருக்கும் ஒரே வாதம் இருக்கிறது. “எங்களைச் சனம் தெரிவு செய்தது. நீதிபதியை யார் தெரிவு செய்தது?” கேட்க நல்லாத்தான் இருக்கும். எங்கட சிலரும் இதைத் திருப்பிச் சொல்லுவதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த வாதத்தைக் கடைசியாக ஏற்க வேண்டிய ஆக்கள் நாங்கள். 225 பேர் இருக்கிற சபையில் எங்கட எண்ணிக்கை ஒருநாளும் பெரும்பான்மையாக வராது. தனிச் சிங்களச் சட்டம் சபையில் பெரும்பான்மையால்தான் வந்தது. மலையக மக்களின் குடியுரிமை பெரும்பான்மையால்தான் பறிக்கப்பட்டது. பெரும்பான்மை கையில் இருப்பவருக்கு நீதிமன்றம் ஒரு தொல்லை. அது இல்லாதவருக்கு, கடைசியாகத் தட்டக்கூடிய கதவு.

எங்கட ஆள் செய்தாலும்

2012 இல் திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்துக்குள் கை வைக்கிறது எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நவம்பரில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 14 குற்றச்சாட்டுகளோடு குற்றப்பிரேரணை வந்தது. விசாரித்தது பாராளுமன்றத் தெரிவுக்குழு. குற்றம் சாட்டியவர்களின் கட்சிதான் அந்தக் குழுவில் பெரும்பான்மை. அந்தக் குழுவுக்கு அப்படித் தீர்ப்பளிக்கும் சட்ட அதிகாரம் இல்லை எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. ஒன்றும் நிற்கவில்லை. 2013 ஜனவரி 11 அன்று 155 க்கு 49 வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. நாலு நாளில், அமைச்சரவையின் சட்ட ஆலோசகராக இருந்த மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசர். அதே வருடம் நவம்பரில் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் கொழும்புக்கு வந்து மாநாடு நடத்திவிட்டுப் போனார்கள்.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுகிற கதை. பிறகு நடந்ததைப் பலபேர் சொல்லுவதில்லை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மொஹான் பீரிஸின் நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது எண்டு ஜனாதிபதி பக்கத்திலிருந்து ஒரு கடிதம் போனது. பண்டாரநாயக்க திரும்ப வந்து ஒரு நாள் இருந்து ஓய்வு பெற்றார். அநியாயம் திருத்தப்பட்டது எண்டு கொண்டாடினார்கள். ஆனால் திருத்திய கை எது? பாராளுமன்றமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, மறுபடியும் ஜனாதிபதிதான். பதவியில் இருக்கிற பிரதம நீதியரசரை ஒரு கடிதத்தால் அனுப்பலாம் எண்ட முன்னுதாரணம் அன்றைக்கு எழுதப்பட்டது. அதை எழுதியவர் நல்லவரா கெட்டவரா எண்டது அடுத்து வருபவருக்குத் தேவையில்லை. வழி திறந்திருக்கு, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் இலங்கை வெளிநாட்டுக்கும் உதவி செய்திருக்கிறது. 1988 இல் மலேசியாவின் தலைமை நீதிபதி சாலே அபாஸை மகாதீர் அரசு நீக்கப் பார்த்தபோது அமைக்கப்பட்ட தீர்ப்பாயத்தில் எங்கட பிரதம நீதியரசர் கே. ஏ. பி. ரணசிங்கவும் போய் இருந்தார். சாலே அபாஸ் நீக்கப்பட்டார். அவருக்கு ஆதரவாகக் கட்டளை போட்ட நீதிபதிகளில் இருவரும் பதவி இழந்தார்கள். இருபது வருடம் கழித்து, 2008 இல், மலேசிய அரசு அந்த நீதிபதிகளுக்குப் பணம் கொடுத்து மனம் ஆற்றப் பார்த்தது. அந்த இருபது வருடத்தில் மலேசிய நீதிமன்றங்களுக்குப் போன சனத்துக்கு யார் பணம் கொடுத்தது?

அதே மலேசியாவிலிருந்துதான் பரம் குமாரசாமி வந்தார். 1994 இல் ஐ.நா. நீதிபதிகள், சட்டத்தரணிகளின் சுதந்திரத்துக்கான விசேட அறிக்கையாளர் பதவியை உருவாக்கியபோது அதில் முதலில் இருந்தவர் அவர். தன் நாட்டு நீதிமன்றங்களில் பெரிய கம்பனிகளின் செல்வாக்குப் பற்றி ஒரு சஞ்சிகைக்குச் செவ்வி கொடுத்ததற்காக அவர் மேலேயே கோடிக்கணக்கில் மானநட்ட வழக்குகள் போடப்பட்டன. 1999 இல் சர்வதேச நீதிமன்றம், ஐ.நா. பணியில் பேசியதற்காக அவரை வழக்குக்கு இழுக்க முடியாது எண்டு சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதிகளின் சுதந்திரத்தைக் கண்காணிக்கப் போன மனிதனுக்கே சுதந்திரம் தேடி ஹேக் வரைக்கும் போக வேண்டி வந்தது.

கறுப்புக் கோட்டுப் போட்டவர் கட்சிக்காரர் இல்லை

நீதிபதியைத் தொடாமலேயே நீதிமன்றத்தைச் சாகடிக்கலாம். சட்டத்தரணியைத் தொட்டால் போதும். வழக்கைக் கொண்டுவர ஆள் இல்லாத இடத்தில் நீதிபதி எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன?

2000 ஜனவரி 5 அன்று கொழும்பில் குமார் பொன்னம்பலம் சுட்டுக் கொல்லப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட இளைஞர்களுக்காக நீதிமன்றம் ஏறிய சட்டத்தரணி அவர். 2020 ஏப்ரலில் ஹிஜாஸ் ஹிஸ்புல்லா அதே சட்டத்தில் கைதானார். 2022 பெப்ரவரியில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. ஒரு சட்டத்தரணிக்கே இந்த நிலை எண்டால், அவரிடம் வழக்குக் கொடுக்க வந்தவனின் நிலை என்ன? துருக்கியில் குர்திய சட்டத்தரணி தாஹிர் எல்சி 2015 நவம்பரில் தியார்பகிரில், பத்திரிகையாளர்களுக்கு முன்னால் பேசி முடித்த கையோடு சுடப்பட்டு இறந்தார். எப்ரு திம்திக் நியாயமான விசாரணை கேட்டு 238 நாட்கள் உண்ணாமல் இருந்து 2020 ஓகஸ்ட்டில் இறந்தார். சீனாவில் 2015 ஜூலை 9 இல் தொடங்கிய வேட்டையில் 300 க்கு மேற்பட்ட சட்டத்தரணிகளும் செயற்பாட்டாளர்களும் பிடிக்கப்பட்டார்கள் அல்லது விசாரிக்கப்பட்டார்கள்.

எல்லா இடத்திலும் குற்றச்சாட்டு ஒன்றே: “இவன் பயங்கரவாதிக்காகப் பேசுறான், ஆகவே இவனும் பயங்கரவாதி.” சட்டத்தரணியை அவருடைய கட்சிக்காரரோடு ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது எண்டு 1990 இலேயே ஐ.நா.வின் அடிப்படைக் கோட்பாடுகள் எழுதி வைத்தன. எழுத்து இருக்கிறது. மதிக்கத்தான் ஆளில்லை.

இதில் அரசுகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக ஏலாது. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் சந்தேகநபர்கள் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாள், நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் எறிந்தது எந்த அமைச்சரின் கும்பலும் இல்லை. எங்கட ஊர்ச் சனம். கோபம் நியாயமானது, அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கல் விழுந்தது நீதிமன்றத்தில். அந்தக் குற்றவாளிகளுக்குக் கடைசியில் தண்டனை கொடுத்தது யார்? 2017 செப்டெம்பரில் மூன்று தமிழ் நீதிபதிகள் இருந்து, சாட்சி கேட்டு, குறுக்கு விசாரணை கேட்டு, ஏழு பேருக்குத் தண்டனை எழுதினார்கள். எதிரிகளுக்கும் சட்டத்தரணி பேசிய விசாரணை எண்டதாலதான் அந்தத் தீர்ப்புக்குப் பெறுமதி.

இன்றைக்கும் முகநூலில் ஒரு கொடூரக் குற்றத்தின் செய்தி வந்தால் முதல் பின்னூட்டம் “இவனுக்கு எந்த லோயரும் போகக்கூடாது” எண்டதுதான். போகிற சட்டத்தரணியின் படத்தைப் போட்டுத் திட்டுகிறார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வருடக்கணக்காகச் சட்டத்தரணிகளின் பின்னால் அலைந்த ஊர் இது. “பயங்கரவாதிக்கு லோயர் எதற்கு” எண்டு தெற்கில் கேட்டபோது எங்களுக்கு எப்படி இருந்தது? அதே வசனத்தைப் பெயர் மாற்றி நாங்களே எழுதுவது எந்த நியாயத்தில சேர்த்தி?

ஹேக்குக்குப் போவம் எண்டு சொல்லுகிற நாங்கள்

உள்நாட்டில் நம்பிக்கை இல்லை, ஆகவே சர்வதேச விசாரணை. எங்கட ஒவ்வொரு பதாகையிலும் இந்த வசனம் இருக்கிறது. இலங்கை ரோம் சாசனத்தில் கையெழுத்து வைக்காத நாடு எண்டது ஒரு தடை. இன்னொரு தடை இப்ப முளைத்திருக்கிறது.

2025 ஜூனில் அமெரிக்கா சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் மேல் பொருளாதாரத் தடை விதித்தது. உகண்டா, பெரு, பெனின், ஸ்லோவேனியா நாடுகளைச் சேர்ந்த நான்கு பெண்கள். இருவர் செய்த குற்றம், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகள் செய்தவை உட்பட்ட விசாரணைக்கு அனுமதி கொடுத்தது. மற்ற இருவர் செய்த குற்றம், நெதன்யாகுவுக்கும் கலன்டுக்கும் எதிரான பிடியாணையில் பங்கு வகித்தது. ஓகஸ்ட்டில் இன்னும் இரு நீதிபதிகளின் பெயர் பட்டியலில் சேர்ந்தது. பயங்கரவாதிகளுக்கும் போதைப்பொருள் முதலாளிகளுக்கும் எண்டு செய்த கருவியை ஒரு தீர்ப்பு எழுதியதற்காக நீதிபதி மேல் பாவிக்கிறார்கள். ஒரு நீதிபதியின் வங்கி அட்டையை ஒரு வல்லரசு முடக்கலாம் எண்டால், நாளைக்கு முள்ளிவாய்க்காலைப் பற்றி ஒரு கோப்பு அந்த மேசைக்குப் போனாலும் அதைத் திறக்கும் கை எவ்வளவு உறுதியாக இருக்கும்?

ஜெனீவாவில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களுக்குக் கைதட்டிய எங்கட அரசியல்வாதிகள் இதைப் பற்றி எத்தனை பேர் வாய் திறந்தவை? காஸாவுக்கான நீதியும் முள்ளிவாய்க்காலுக்கான நீதியும் ஒரே கட்டடத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கு. அந்தக் கதவைப் பூட்டுபவர் யாராயிருந்தாலும் அவர் எங்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டுகிறார்.

அப்ப நீதிபதியை விமர்சிக்கவே கூடாதோ?

தாராளமாக விமர்சிக்கலாம், விமர்சிக்கத்தான் வேணும். சுதந்திரம் எண்டது நீதிபதிக்குக் கட்டிய கோயில் இல்லை. வழக்குக்கு வந்தவர் பயமில்லாத ஒரு ஆளின் தீர்ப்பைப் பெறும் உரிமை அது, ஆகவே அதன் சொந்தக்காரர் வழக்குக்கு வந்தவர்தான். தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு “இந்தப் பந்தி பிழை, இந்தக் காரணம் நிற்காது” எண்டு சொல்லுவது விமர்சனம். “இவன் தமிழன், இவன் இங்கே நீதிபதியாக இருக்க முடியாது” எண்டு சொல்லுவது மிரட்டல். முதலாவதை நீதிமன்ற அவமதிப்பு எண்டு சொல்லி அடக்கும் நீதிபதியும் சுதந்திரத்துக்கு எதிரிதான். 2021 இல் ரஞ்சன் ராமநாயக்கவுக்கு நாலு வருடக் கடூழியச் சிறை கொடுத்தது எந்த நீதிபதியின் சுதந்திரத்தைக் காத்தது?

ஆகவே நாங்கள் கேட்பது பூசை இல்லை. தெளிவான சில விஷயங்கள்.

உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்களை நீக்கும் விசாரணை அரசியல்வாதிகளின் தெரிவுக்குழுவிடம் இருக்கக் கூடாது. 107 ஆம் உறுப்புரையைத் திருத்தி அதைச் சுயாதீனமான நீதிபதிகள் குழுவிடம் கொடுக்க வேணும். கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில், அதன் தலைவர் பிரதம நீதியரசர். அதாவது மேலே ஒரு கதிரையைப் பிடித்தால் முல்லைத்தீவு வரைக்கும் கை நீளும். இடமாற்றத்துக்கு எழுத்தில் காரணம் சொல்லும் கட்டாயம் வரவேணும். ஓய்வுபெற்ற நீதியரசருக்கு அரசு பதவி கொடுப்பது நிற்க வேணும். அமைச்சரவையின் ஆலோசகராக இருந்து, பிரதம நீதியரசராகி, பிறகு ஐ.நா.வில் நாட்டின் தூதுவராகப் போகலாம் எண்டால், இடையில் எழுதிய தீர்ப்பை யார் நம்புவது? பாராளுமன்றச் சிறப்புரிமையை வைத்து, விசாரணையில் இருக்கும் வழக்கின் நீதிபதியைத் தாக்கும் வழக்கத்துக்குச் சபாநாயகர் வாய்ப்பூட்டுப் போட வேணும். பயங்கரவாதத் தடைச் சட்டம், முக்கியமாக 16 ஆம் பிரிவு, போக வேணும். அது இருக்கும் வரைக்கும் நல்ல நீதிபதியின் கையும் கட்டப்பட்டுத்தான் இருக்கு.

இதெல்லாம் கேட்டால் நடக்குமோ? சும்மா கேட்டால் நடக்காது. 2007 இல் பாகிஸ்தானில் முஷாரஃப் தலைமை நீதியரசர் இப்திகார் சௌத்ரியை இடைநிறுத்தியபோது சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டோடு றோட்டில் இறங்கினார்கள். அடி வாங்கினார்கள், மறியலுக்குப் போனார்கள். 2009 மார்ச்சில் அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். அதற்கிடையில் முஷாரஃபே போய்விட்டார். போலந்தில் 2020 ஜனவரி 11 அன்று நீதிபதிகளே அங்கியோடு வார்சோ வீதிகளில் நடந்தார்கள், மற்ற ஐரோப்பிய நாடுகளின் நீதிபதிகளும் வந்து கூட நடந்தார்கள். 2023 ஒக்டோபரில் வடக்கு கிழக்குச் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள், யாழ்ப்பாணத்தில் மனிதச் சங்கிலி நடந்தது, ஹர்த்தாலும் நடந்தது. பிறகு? தெற்கின் நீதிமன்றங்கள் வழமை போல நடந்தன, எங்கட பக்கமும் இரண்டு மாதத்தில் வேறு கதைக்குப் போய்விட்டது. பாகிஸ்தானில் இரண்டு வருடம் நின்றார்கள். அந்த வெற்றியும் நிரந்தரமில்லை. 2024 இல் 26 ஆவது திருத்தத்தோடு தலைமை நீதியரசரைத் தெரிவது பாராளுமன்றக் குழுவின் கைக்குப் போனது. காவல் ஒரு நாள் வேலை இல்லை எண்டதுதான் அதன் பாடம்.

எங்களால் செய்யக்கூடிய சின்ன வேலைகளும் இருக்கு. நீதிமன்றம் திறந்த மன்று, யாரும் போய் இருக்கலாம். முக்கிய வழக்குகளுக்குப் போய் இருப்போம், பார்த்ததை எழுதுவோம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கலைப்பீடத்திலும் சட்டம் படிக்கிற ஆக்களிலும் மொழிபெயர்க்கத் தெரிந்த எத்தனை பேர் இருக்கிறம்? எங்கட வாழ்க்கையைத் தீர்மானிக்கிற தீர்ப்புகளை எங்கட மொழியில் சனத்துக்குக் கொண்டுபோகலாம். தீர்ப்பை வாசிக்காத சமூகத்தால் நல்ல நீதிபதியை அடையாளம் காண முடியாது. அடையாளம் காண முடியாத ஒருவருக்காகச் சனம் தெருவுக்கு வராது. அது மிரட்டுகிறவனுக்கு நல்லாத் தெரியும்.

முல்லைத்தீவில் நீதிபதியின் கதிரை காலியாக இல்லை. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். மலையும் அங்கேதான், வழக்குகளும் அங்கேதான், கொக்குத்தொடுவாயில் எடுத்த எலும்புகளுக்கும் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கு. அந்தக் கதிரையில் இருப்பவர் ஒரு கட்டளையை எழுதப் பேனையை எடுக்கும்போது, முதல் இருந்தவருக்கு என்ன நடந்தது எண்டது அவருக்கு ஞாபகம் வரும். கூடவே, முதல் இருந்தவருக்காக எத்தனை பேர், எவ்வளவு காலம் நின்றார்கள் எண்டதும் ஞாபகம் வரும். இதில் இரண்டாவது கணக்குத்தான் எங்கட கையில் இருக்கு.